வாக்குத்தத்த அட்டை அச்சடிக்கும் ஐயாமார்களுக்கு

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரத்துச் சபைகளின் ஆயர்களுக்கும், சபைகளை நிர்வகிக்கிற குருசேகரக் கமிட்டியாருக்கும், எழுப்புதல் கூட்டங்களை ஏற்பாடு செய்கிற சகோதரர்களுக்கும் இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

புது வருஷ வாக்குத்தத்த அட்டைக்கு, அதாவது வருஷம் முழுக்கக் கர்த்தர் தரும் வாக்காக ஒரு வேத வசனம் போட்ட அட்டைக்கு, அச்சகத்தில் ஆர்டர் கொடுக்கிற சமயம் இது. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் தட்டை நீட்டுவீர்கள், ஆளுக்கொன்று கண்ணை மூடி எடுப்போம். எங்கள் வீட்டு பீரோ கதவில் ஒட்டியிருப்பதில் பாதிக்கு மேல் எரேமியா 29:11 தான். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அருமையான வசனம். ஆனால் அதற்கு நேர் மேலே இருக்கிற வசனத்தை ஏன் யாரும் அச்சடிப்பதில்லை?

பத்தாம் வசனம் எழுபது வருஷம் என்கிறது. பாபிலோனில் சிறைப்பட்டுக் கிடந்தவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதியனுப்பிய நிருபம் அது. எழுபது வருஷம் என்றால், அதைக் கேட்ட பெரியவர்கள் யாரும் எருசலேமைத் திரும்பப் பார்க்கப் போவதில்லை. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று அதனால்தான் சொல்கிறார்.

முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். சிறையிருப்பு முடிய அவன் சொன்ன கெடு இரண்டே வருஷம். ஆலயத்தில் எல்லோரும் பார்க்க பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த மர நுகத்தை எடுத்து உடைத்தும் காட்டினான். ஜனம் யார் பக்கம் சாய்ந்திருக்கும் என்று நான் சொல்லவே வேண்டாம். எரேமியாவே முதலில் "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றார். நடந்தால் அவருக்கும் சந்தோஷம்தானே! அப்புறம் கர்த்தரிடமிருந்து வந்த வார்த்தை வேறு: மர நுகத்தை உடைத்தாய், அதற்குப் பதிலாக இரும்பு நுகம் வரும். அனனியா அந்த வருஷமே செத்துப்போனான்.

நம் பக்கத்தில் அனனியாக்களுக்குப் பஞ்சமில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி விதித்தபோது திருப்பூர் என்ன பாடுபட்டது என்று உங்களுக்கே தெரியும். அந்தச் சமயத்தில் ஒரு கூட்டத்தில், வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார், "மூன்று மாதத்துக்குள் உன் கம்பெனிக்கு இரட்டிப்பான ஆர்டர்" என்று முழங்கினார். அல்லேலூயா சத்தம் பந்தலைப் பிளந்தது. காணிக்கைப் பையும் சுற்றி வந்தது. அவர் அடுத்த ஊருக்குப் போய்விட்டார். மூன்று மாதம் கழித்து, ஆர்டர் வராதவன் முகத்தில் விழிக்க வேண்டியது உள்ளூர் ஆயர்தான். அவன் கோயிலுக்கே வருவதை நிறுத்திவிட்டால், விசுவாசத்தை விட்டு விலகின பின்மாற்றக்காரன் என்று பெயர் சூட்டி வேலையை முடித்துவிடுகிறோம். கர்த்தர் கொடுக்காத வாக்கை நம்பி அவன் ஏமாந்தான், அந்த வாக்குக்கு மைக் கொடுத்தது நாம்.

இன்னொருவரிடமிருந்து மைக்கைப் பிடுங்கியதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், பீஸ் ரேட்டு. வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரம் இரண்டு தடவை பெரியாஸ்பத்திரியில் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். வராந்தாத் தரையில் உட்கார்ந்து, அட்டை கிழிந்து ரப்பர் பேண்டு போட்ட பைபிளில் பதிமூன்றாம் சங்கீதம் வாசிக்கிறவர். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தாவீதே கேட்டிருக்கிறார், நான் கேட்டால் என்ன என்பார். கர்த்தர் செய்ததைச் சபைக்கு முன் சொல்கிற சாட்சி நேரத்தில் ஒருநாள் எழுந்து, "சுகமாயிடுச்சுன்னு சொல்ல ஒண்ணுமில்லீங்க. மெஷின்ல ஏத்தறப்பவும் கையைப் புடிச்சு ஜெபம் பண்றேன், எறக்கறப்பவும் பண்றேன். அவர் கைவிடலீங்க, நானும் உடலீங்க" என்றார். மைக் வைத்திருந்த தம்பி, "அற்புதம் நடந்தப்புறம் சொல்லுங்கக்கா" என்று வாங்கிக்கொண்டார். அடுத்து கனடா விசா கிடைத்த ஒரு பையன். பத்து நிமிஷம், கைதட்டலோடு. (விசாவுக்கும் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டியதுதான், எனக்கொன்றும் பொறாமை இல்லை.)

பவுலின் உறுமால்களைக் கொண்டுவந்து வியாதிக்காரர்மேல் போட, அவர்கள் சுகமானார்கள் என்று அப்போஸ்தலர் 19-ல் வாசிக்கிறோம். அதே பவுல்தான் கடைசி நிருபத்தில், தன்னோடு பயணம் செய்த ஒருவனைப் பற்றி, "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று எழுதுகிறார். துரோப்பீமுவுக்கு விசுவாசம் பத்தவில்லை என்று ஒரு வரி அங்கே உண்டா? உபவாசக் கூட்டத்தில் நாம் மட்டும் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்!

நம் சபைகள் நேற்று முளைத்தவை அல்ல. லண்டன் மிஷனின் அடிஸ் ஐயர் கோவைக்கு வந்தது 1830-ல். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் கோயமுத்தூர், சேலம் ஜில்லாக்களைச் சூறையாடியது. காங்கேயம் மாடு கட்டின கட்டுத்தறி காலியாகிக் கிடந்த காலத்தில், "தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும், நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்ற ஆபகூக் தீர்க்கதரிசியின் வசனத்துக்கு யாரும் வியாக்கியானம் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

அற்புதத்துக்காக ஜெபிக்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த அக்காவின் வீட்டுக்காரருக்காக நானும் சுகம் கேட்டுத்தான் ஜெபிக்கிறேன். நாள் குறித்துச் சொல்வதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். இந்த வருஷ அட்டையில் எரேமியாவின் பத்தாம் வசனத்தையும் பதினொன்றாம் வசனத்தையும் சேர்த்தே போடுங்கள். இடம் பத்தாது என்பார் அச்சகக்காரர், ரோஜாப்பூப் படத்தைச் சின்னதாக்கச் சொல்லுங்கள். ஆபகூக்கையும் யோவான் 16:33-ஐயும் நாலு அட்டையிலாவது அடியுங்கள். "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" என்பதும் கர்த்தர் வாயிலிருந்து வந்த வார்த்தைதானே. வெளியூர்ப் பிரசங்கியாருக்குத் தேதி கொடுக்கும்போதே, எங்கள் மேடையில் மாதக் கணக்கு சொல்லக்கூடாது என்று பேசிவிடுங்கள். கமிட்டியில் இதைத் தீர்மானமாகவே போடலாம்.

அப்புறம், அடுத்த சாட்சி நேரத்தில் அந்த அக்கா மாதிரி ஒருவரை நீங்களே பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். விசா தம்பிக்குக் கொடுத்த பத்து நிமிஷம்கூட வேண்டாம், அஞ்சு போதும்.

கர்த்தருக்குள்,
உங்கள் சபையார் ஒருவர்