இரசாயனவியலில் வந்த 'டி'

மஸ்கெலியா

அன்பு மகளுக்கு,

இரசாயனவியலில் சித்தித் தரங்களில் கடைசியான 'டி' வந்ததை மறைக்காமல் சொன்னாயே, அது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் "சித்திதானே அம்மா, கிரெடிட் கிடைத்துவிட்டது" என்று, பட்டத்துக்குச் சேரும் பாட அலகு கிடைத்ததே போதும் என்பதுபோல அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாய். அதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்காவில் நீ படிக்கும் ஈராண்டுக் கல்லூரிக்குள் அது சித்திதான். அதற்குப் பிறகு நீ போக நினைக்கும் பல்கலைக்கழகம் அதை ஏற்குமா?

இங்கே சாதாரண தரப் பரீட்சையில் கடைசித் தரமான 'எஸ்' எடுத்தாலும் சித்திதான். ஆனால் உயர்தரத்துக்குப் போக, ஆறு பாடச் சித்தியில் மூன்றிலாவது 'சி' வேண்டும் என்று நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எத்தனை வருடமாகச் சொல்லிவருகிறேன்! அமெரிக்காவிலும் ஏறக்குறைய அப்படித்தான். 'சி'க்குக் கீழே வாங்கிய பாடத்தின் கிரெடிட்டைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. சில மாநிலங்களில், ஈராண்டுப் பட்டத்தை முழுதாக முடித்துக்கொண்டு போனால், பொதுப் பாடங்களில் வந்த 'டி'யைப் பொறுத்துக்கொள்கிறார்கள். உயிரியல் படிக்கப்போகும் உனக்கு இரசாயனவியல் பொதுப் பாடம் அல்லவே. முதல் பகுதியில் 'சி' இல்லாவிட்டால் இரண்டாம் பகுதியிலும் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். ஒரு பாடம் தடுக்கினால் பின்னால் வரும் பாடங்கள் எல்லாம் தள்ளிப்போகும்.

அதனால் அடுத்த செமஸ்டரிலேயே அதைத் திரும்ப எடு. பல்கலைக்கழகத்துக்குப் போய் எடுத்தால் கட்டணம் இன்னும் கூடும். புதிய பெறுபேறு வந்தாலும் பழைய 'டி' உன் பெறுபேற்று அறிக்கையில் இருக்கும். அனுமதி தரும்போது இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் பல்கலைக்கழகங்களும் உண்டு. இருந்தாலும் கிரெடிட் கைக்கு வரும். சேர்ந்த பிறகு பெரும்பாலும் கிரெடிட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, புள்ளிச் சராசரியைப் புதிதாகவே தொடங்குவார்கள் என்பதையும் நினைவில் வை.

வேறு கல்லூரியில் சேர்ந்து, இந்த அறிக்கையைக் காட்டாமல் விடலாம் என்று உன் தோழி சொன்னாளாம். வேண்டாம் மகள். படித்த எல்லாக் கல்லூரிகளின் அறிக்கையையும் கேட்பார்கள். மறைத்தது தெரிந்தால் கொடுத்த அனுமதியையே இரத்துச் செய்யலாம்.

கஷ்டமான பாடத்திலிருந்து பாதியில் விலகுவது 'டி' வாங்குவதைவிட நல்லது என்றும் சொல்வார்கள். சில வேளை அது சரிதான். ஆனால் நீ மாணவர் வீசாவில் இருப்பவள். செமஸ்டருக்கு 12 கிரெடிட்டுக்குக் கீழே இறங்குவதானால், சர்வதேச மாணவர் அலுவலரின் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். கேட்காமல் விலகிவிடாதே.

கல்லூரி உணவகத்தில் வாரம் 20 மணி நேரம் வேலைக்கு நிற்கிறாய். செமஸ்டர் நடக்கும் காலத்தில் வீசா அனுமதிக்கும் உச்சம் அது. இரசாயனவியல் முடியும்வரை அதைப் பாதியாகக் குறை. குறையும் பணத்தை அப்பாவும் நானும் பார்த்துக்கொள்கிறோம். அவரே இதை எழுதச் சொன்னார்.

இந்தக் கிழமையே ஆலோசகரைப் பார். நீ விண்ணப்பிக்க நினைக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் எந்தத் தரத்துக்குக் கீழே ஏற்காது என்று எழுத்தில் கேள். கிரெடிட்டை ஏற்றாலும் அதை உன் பட்டத்துக்குரிய பாடமாகக் கணக்கெடுப்பார்களா, வெறும் விருப்பப் பாடமாக ஒதுக்கிவிடுவார்களா என்பதையும் கேட்க மறக்காதே. ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் பத்திரமாக வைத்திரு. ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்பார்கள்.

இங்கே மழை விடவில்லை. பாட்டி சுகம். ஆலோசகர் சொன்னதை ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சொல்.

அன்புடன்,
அம்மா