ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் என்றால் யார் சேர்ப்பார்கள்?

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைகிறார்கள் என்ற செய்தி வரும்போதெல்லாம் பெற்றோரின் ஆங்கில மோகம்தான் காரணம் என்று யாராவது எழுதிவிடுகிறார்கள். படிக்கும்போது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் என் மூத்த மகளையும் நான் மஞ்சள் வேனில் ஏற்றி டவுனில் இருக்கிற தனியார் பள்ளிக்கு அனுப்பியவள்தான்.

2016-ல் அவளுக்கு மூன்றரை வயது. எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் எல்.கே.ஜி. கிடையாது. நான் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிறவள், வேனில் ஏற்றிவிட்டால் நாலரை மணி வரை கவலை இல்லை. அங்கே வகுப்புக்கு ஒரு மிஸ் இருந்தார். ஊர்ப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டு பேர். இதில் மோகம் எங்கே இருக்கிறது?

கொரோனா சமயத்தில் சம்பளம் நின்றுபோய் ஃபீஸ் கட்ட முடியவில்லை. பாக்கியைக் கட்டினால்தான் டி.சி. என்று அந்தப் பள்ளியில் இரண்டு மாதம் அலையவிட்டார்கள். ஒருவழியாக 2021-ல் நாலாம் வகுப்புக்கு ஊர்ப் பள்ளிக்கே கூட்டிவந்தேன், அடுத்த வருடம் மகனையும் அங்கேயே ஒன்றாம் வகுப்பில் சேர்த்தேன். தலைமை ஆசிரியை தங்கமானவர். ஆனால் ஒன்று, இரண்டு, மூன்று மூன்றையும் ஒரே அறையில் வைத்து அவர்தான் நடத்துகிறார். எமிஸ் பதிவு (பிள்ளைகள் விவரத்தை அரசின் இணையதளத்தில் ஏற்றுவது), காலை உணவுக் கணக்கு எல்லாம் அவர் தலையில். அவர் கூட்டத்துக்குப் போகிற நாளில் இன்னொரு ஆசிரியர் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும், அன்றைக்குப் பாடம் நடக்குமா என்று நீங்களே சொல்லுங்கள்.

கல்வி உரிமைச் சட்டக் கணக்குப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61-ஐத் தொட்டால்தான் மூன்றாவது ஆள். நாலு பேர் பிள்ளையை எடுத்துக்கொண்டு போனால் பணி நிரவலில், அதாவது கணக்குக்கு மேல் இருக்கிறவரை வேறு பள்ளிக்கு மாற்றுவதில், ஒரு ஆசிரியரும் போய்விடுகிறார், அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் போகிறார்கள். போனவர்கள் தங்கள் பிள்ளைக்கு நல்லதைத்தான் செய்தார்கள், அதன் கஷ்டத்தைச் சுமப்பது ஃபீஸ் கட்ட வழியில்லாமல் இங்கேயே இருக்கிற வீட்டுப் பிள்ளைகள். பெற்றோர் விருப்பப்படி பள்ளியைத் தேர்ந்தெடுப்பதில் எனக்குத் தெரிந்த பெரிய கெடுதல் இதுதான்.

இல்லாதவர்களுக்குத்தான் அதே சட்டப்படி தனியார் பள்ளிகளில் 25 சதவீத இலவச இட ஒதுக்கீடு இருக்கிறதே என்பார்கள். நல்ல திட்டம், அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் தனியார் பள்ளி இருக்க வேண்டும், விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். எங்களுக்கு அருகில் இருக்கிற தனியார் பள்ளியே எட்டு கிலோமீட்டர் தள்ளி! போதாததற்கு 2025-ல் மத்திய அரசின் நிதி வராமல் அந்தச் சேர்க்கையே அக்டோபர் வரை இழுத்துவிட்டது.

அப்புறம் இன்னொன்றையும் பார்க்கிறேன். டவுனில் படித்த பிள்ளைகள் சிலர் ஆறாம் வகுப்புக்கு அரசுப் பள்ளிக்கு வருகிறார்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு, கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பெற்றோர் கணக்குப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறோம். நல்லது இருந்தால் திரும்பி வருகிறோம்.

அதனால் அரசிடம் நான் கேட்பது ஒன்றுதான். தொடக்கப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் வகுப்புக்கு ஒரு ஆசிரியர் போடுங்கள், மூன்று வருடமாவது எண்ணிக்கையைக் காட்டி யாரையும் மாற்றாதீர்கள். எல்லாப் பள்ளிக்கும் உடனே முடியாது என்றால் தனியார் வேன்கள் அதிகம் வரும் ஊர்களில் தொடங்குங்கள். அதையும் ஜூனில் சொல்லாமல், டவுனில் ஃபீஸ் கட்டுவதற்கு முன்பே, ஏப்ரலிலேயே சொல்லுங்கள். எங்கள் பள்ளியில் இப்போது 43 பிள்ளைகள். இன்னும் ஒரு ஆசிரியர் வந்தால் சேர்ப்பீர்களா என்று எங்கள் தெருவில் வீடு வீடாகக் கேட்டேன், ஆறு பேர் சரி என்றார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தென்காசி மாவட்டம்.