கார் பயணத்தில் பிடிபடாத பாதை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரைப் பாதை பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையை ஆசையோடு படித்தேன். படங்கள் அருமை. ஆனால் காரை நிறுத்து, குன்றின் விளிம்பில் நின்று படம் எடு, அடுத்த இடத்துக்குக் கிளம்பு என்பதாகவே கட்டுரை முழுக்கப் போகிறது. மைன்ஹெட்டில் தொடங்கி பூல் துறைமுகத்தின் வாயில்வரை 630 மைல், அதாவது ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பாதை அது. கொஞ்ச தூரமாவது நடந்தால்தான் அதன் கதை புரியும்.

நான் நடந்தவரையில் அது ஓயாமல் ஏறுகிறது, இறங்குகிறது. காரணம் அந்தக் காலத்துக் கள்ளக்கடத்தல். வரி கட்டாத சரக்கு எந்தச் சின்னக் குடாவிலும் வந்து இறங்கலாம் என்பதால், கடலோரக் காவலர்கள் ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்தாக வேண்டியிருந்தது. அவர்கள் ரோந்து போன தடம்தான் இன்றைய பாதையின் பெரும்பகுதி. காட்சி அழகுக்காக யாரும் போட்டதல்ல.

தென்மேற்கு முனையில் இருக்கும் கார்ன்வால் மாவட்டத்தின் நியூகீ ஊரில் குன்றின்மேல் வெள்ளையடித்த சிறு கட்டடம் ஒன்று நிற்கிறது. மத்திக் கூட்டம் வருகிறதா என்று அங்கிருந்து ஒருவர் கடலையே பார்த்துக்கொண்டிருப்பாராம். தண்ணீரின் நிறம் மாறினால் குரல் கொடுப்பார். படகுகள் கிளம்பியதும், வலையை எந்தப் பக்கம் வளைக்க வேண்டும் என்று மேலிருந்தே கையசைத்துக் காட்டுவார். அப்புறம் அதே மாவட்டத்தின் பொட்டாலக் ஊரில், அலை தெறிக்கும் பாறைமேல் இரண்டு பழைய இயந்திரக் கட்டடங்கள் இருக்கின்றன. வெள்ளீயமும் செம்பும் தேடிய சுரங்கம் அங்கே கடலுக்கு அடியிலும் நீண்டது. 2006-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான சுரங்க நிலப்பரப்பில் அதுவும் அடக்கம். உங்கள் கட்டுரை அதை ‘அழகான இடிபாடு’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டது வருத்தமாக இருந்தது.

இயற்கையையும் மனிதர் உழைப்பையும் அங்கே பிரித்துப் பார்க்க முடியாது. சிவந்த அலகும் சிவந்த கால்களும் கொண்ட சஃப் என்ற காக இனப் பறவை கார்ன்வாலின் சின்னத்திலேயே இடம்பெற்றது. அதுவே அங்கு 1973-க்குப் பிறகு இல்லாமல் போனது. குன்றுச் சரிவுகளில் ஆடுமாடு மேய்ப்பது குறைந்து புதர் மண்டியதும் அதற்கு ஒரு காரணம். குட்டைப் புல்லில்தான் மண்ணைக் கிளறிப் பூச்சி பிடிக்க முடியும். மேய்ச்சலைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2001-இல் சில பறவைகள் தாமாகவே வந்து சேர்ந்தன, அடுத்த ஆண்டே குஞ்சு பொரித்தன. இன்றும் பாதையோரம் மாடோ குதிரையோ மேய்ந்தால் அதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கலாம்.

சரி, இனி ஒரு வேண்டுகோள். விளிம்பில் நின்று படம் எடுக்கச் சொல்லும் குறிப்பைத் தயவுசெய்து அடுத்த இதழில் திருத்துங்கள். அந்தக் குன்றுகள் இன்னும் சரிந்துகொண்டுதான் இருக்கின்றன. சரியும் இடங்களில் பாதையை உள்ளே தள்ளிப் போடுகிறார்கள், அதனால் பழைய வரைபடத்தை நம்பக் கூடாது. லைம் ரீஜிஸ் பக்கம் புதைபடிவம் தேடுகிறவர்கள் கரையில் உதிர்ந்து கிடப்பதை மட்டும் பொறுக்கட்டும், குன்றைச் சுத்தியலால் தட்ட வேண்டாம். பல ஆற்று முகத்துவாரங்களைப் படகில் கடக்க வேண்டிவரும், சில படகுகள் குளிர்காலத்தில் ஓடா. நடக்கப் போகிறவர்களுக்கு இதெல்லாம் அவசியம் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்