காய்ந்த மரம்

மாப்ளே,

ஆறு மாசமாகப் பதில் போடவில்லை, தப்புதான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததாக உன் தங்கை சொன்னாள், நிம்மதி. இங்கே மகளும் பேத்தியும் சௌக்கியம். எனக்குக் குளிர்தான் சேரவில்லை.

போன சனிக்கிழமை இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் போர்ட்ஸ்மவுத் துறைமுகம் போய் 'விக்டரி' என்ற பழைய போர்க்கப்பலைப் பார்த்துவிட்டு வந்தேன். 1805இல் டிரஃபால்கர் கடற்சண்டையில் ஆங்கிலேயத் தளபதி நெல்சன் குண்டடிபட்டுச் செத்த கப்பல். மேல்தளங்களை அரைமணி நேரத்தில் சுற்றிவிட்டேன். அது நிற்கும், தண்ணீரை வடித்த உலர்துறைக்குள்ளே இறங்கி, கப்பலின் அடிவயிற்றுக்குக் கீழேயே நடக்கலாம். அங்கே போனவன் இரண்டு மணி நேரம் நகரவில்லை. உன் அப்பா பக்கத்தில் இருந்திருக்க வேண்டுமடா!

ஏறக்குறைய 6,000 மரம், பத்தில் ஒன்பது பங்கு ஓக். கப்பலின் அடியில் முதுகெலும்பு மாதிரி ஓடும் ஏராக்கட்டை மட்டும் எல்ம் மரம். ஓயாமல் தண்ணீருக்குள்ளேயே கிடந்தால் அது இற்றுப்போகாது. நீர்மட்டத்தில் பக்கச்சுவர் இரண்டடி கனம். விலா எலும்பு மாதிரி நிற்கும் வங்குகளுக்கும் தளம் தாங்கும் மூலைச் சட்டங்களுக்கும் காட்டிலேயே வளைந்து வளர்ந்த மரமாகத் தேடி வெட்டியிருக்கிறார்கள். வளைவோடு சேர்ந்தே ரேகையும் ஓடுவதால் பிளக்காது. "கோணல் கட்டைக்கும் ஒருநாள் கிராக்கி வரும்" என்று மரவாடியில் அப்பா உன்னைப் பார்த்துச் சொல்வாரே, அதுதான் ஞாபகம் வந்தது.

இனிமேல் சொல்வதை நிதானமாகப் படி. தாமஸ் ஸ்லேட் வரைந்த கப்பல் இது. 1759 ஜூலை 23 அன்று சாத்தாம் கப்பல் கட்டும் தளத்தில் ஏரா வைத்தார்கள். வங்குகளை நிறுத்தி முடிப்பதற்குள், அப்போது பிரான்ஸோடு நடந்த போரில் இங்கிலாந்தின் கை ஓங்கிவிட்டது, அவசரம் போய்விட்டது. எலும்புக்கூடு மாதிரி அப்படியே மூடிப் போட்டுவிட்டார்கள். வழக்கமாகச் சில மாதம் காயவிடும் சட்டங்கள் கிட்டத்தட்ட மூன்று வருஷம் காய்ந்தன. வெள்ளோட்டம் 1765 மே 7இல்தான். இத்தனை காலம் அது தாங்கியதற்கு மரம் அப்படிக் காய்ந்தது பெரிய காரணம். அதே கடற்படையில் 1810இல் தண்ணீரில் இறக்கிய 'குயின் சார்லட்' கடலுக்குப் போகும் முன்பே பூஞ்சை பிடித்து இற்று, அதைத் திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று.

ஆனாலும் விக்டரியைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மனசு கனமாகவே இருக்கிறது. 1922இல் கரையேற்றினார்கள். கடலில் இருந்தவரை தண்ணீர் எல்லாப் பக்கமும் ஏந்திக்கொண்டது. கரையில் அந்தப் பாரமெல்லாம் ஏராவிலும் சில முட்டுகளிலும் இறங்க, உடம்பு பிதுங்கித் தொய்ய ஆரம்பித்துவிட்டது. 2011இல் பாரத்தைக் குறைக்கப் பாய்மரங்களின் மேல்துண்டுகளைக் கழற்றினார்கள். இப்போது 134 எஃகுத் தூண்கள் முட்டுக் கொடுத்து நிற்கின்றன. எதன் மேல் எவ்வளவு எடை ஏறுகிறது என்று ஒவ்வொன்றிலும் இருக்கும் கருவி சொல்லிக்கொண்டே இருக்கும். அதன் மேல் மழைத் தண்ணீர், பூஞ்சை, ஓக்கைத் துளைக்கும் வண்டு. 2022இல் தொடங்கிய பெரிய பழுதுபார்ப்பில் வெளிப்பலகையைக் கழற்றி, உள்ளே கெட்டுப்போன சட்டங்களை மாற்றுகிறார்கள். வேலை பத்து வருஷம் இழுக்குமாம். பலகை கழற்றிய இடத்தில் வங்குகள் வரிசையாகத் தெரிகின்றன. நோயாளியின் விலா எலும்பைப் பார்க்கிற மாதிரி இருந்தது. பேத்தி, "தாத்தா, அதுக்கு வலிக்குமா?" என்றாள். பதில் சொல்ல வரவில்லை எனக்கு.

உன் கடைசிக் கடிதத்தை ரயிலில் திரும்பப் படித்தேன். நிலைவாசலுக்கு வாங்கிய வேங்கை வந்து மூன்று வாரம்தான் ஆகிறது, தை கிரகப்பிரவேசத்துக்குள் இழைத்து நிறுத்தியே தீரவேண்டும் என்று அப்பாவோடு மல்லுக்கு நின்றதாக எழுதியிருந்தாய். வேண்டாம் மாப்ளே. அவர் சொன்னபடி நிழலில் கட்டை கொடுத்து அடுக்கி, காற்றோட்டமாக ஒரு கோடை காயட்டும். அதுவரை தகரக் கதவு போதும். நான் சித்திரையில் வருகிறேன், இரண்டு பேருமாகத் தூக்கி நிறுத்துவோம்.

அறுத்துவிட்டாயா இல்லையா என்று மட்டும் உடனே எழுது.

உன் கூட்டாளி