செட்டிநாட்டு வீடுகளில் விருந்தினரை வைக்குமுன் தண்ணீருக்கு வழி செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கானாடுகாத்தான், காரைக்குடி, கோத்தமங்கலம் பக்கத்துப் பழைய வீடுகள் பல, வெளியூர்க்காரர்கள் இரவு தங்கிக் காலைப் பலகாரம் சாப்பிட்டுப் போகும் வீடுகளாக மாறிவருகின்றன. இதை முழுமனதோடு வரவேற்கிறோம். பூட்டிக் கிடக்கும் வீட்டைவிட ஆள் புழங்கும் வீடு நெடுநாள் நிற்கும். பிரித்து விற்ற வீட்டின் தேக்குத் தூண்களைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில்தான் தேட வேண்டியிருக்கும். ஆனால் விருந்தினருக்காகத் திருத்துகிறோம் என்று செய்யும் வேலையே சில வீடுகளைக் கெடுத்துவிடுகிறது. அந்தச் சேதத்தில் பெரும்பங்கு தண்ணீரால் வருவது.

இந்தச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. தரையிலிருந்து ஏறும் ஓதம் (ஈரக்கசிவு) சுண்ணாம்புப் பூச்சின் வழியே காற்றில் கலந்து போய்விடும். பூச்சு உதிர்ந்த இடத்தில் சிமென்ட் வைத்துப் பூசினால் அந்த வழி அடைபடுகிறது. ஓதம் இன்னும் உயரம் ஏறி, அதிலுள்ள உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்து, கடைசியில் பூச்சு பழைய செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு பாளம் பாளமாக விழுகிறது. மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்திருந்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். சித்திரையில் பூசிய சுவர் புதிதுபோலத் தெரியும். ஐப்பசி மழைக்குப் பிறகு முழங்கால் உயரத்தில் வெள்ளை பூத்து நிற்கும்.

சிமென்ட்டை முழுவதும் கொத்தி எடுத்து, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிட வேண்டும். பிறகு நன்றாக ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த ஆற்று மணல் இரண்டரைப் பங்கு சேர்த்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் விட்டு அரைத்துப் பூசலாம். ஒரு பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். ஒரு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, அது இறுகிய பிறகே அடுத்த பூச்சு. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்ல இறுகுவது. அவசரப்பட்டால் வெடிக்கும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கல்லால் இழைக்கும் மேல்பூச்சைக் கைதேர்ந்த கொத்தனார் இல்லாமல் தொடாதீர்கள்.

அடுத்தது குளியலறை. வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தை, சுற்றியுள்ள அறைகள் சீர்ச் சாமான் வைக்கவும் இரவு படுக்கவும் கட்டியவை. குழாய் போகும் வழி அவற்றில் கிடையாது. ஒவ்வோர் அறைக்குள்ளும் மூலையைத் தடுத்துக் கழிப்பறை வைப்பது மிக மோசமான தீர்வு. இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள ஒரு முழு அறையைக் குளியலறைகளுக்காக ஒதுக்கிவிடுவதே நல்லது. பழைய தரையைத் தோண்டாமல் அதன்மேல் ஒரு படி உயரம், அதாவது ஆறேழு அங்குலம், மேடை எழுப்பிக் குழாய்களை அதற்குள் கொண்டுபோகலாம். கழிப்பறைக் கோப்பை வெளிச்சுவரை ஒட்டியே இருக்க வேண்டும். தரைக்குள் இறங்கும் வகை வேண்டாம், பின்பக்கமாக வெளியேறும் ‘பி டிராப்’ வகையே சரி. நான்கு அங்குலக் கழிவுக் குழாய்க்குப் பத்தடிக்கு மூன்று அங்குலம் வாட்டம் கொடுங்கள். குளிக்கும் இடத்துத் தரைக்குப் பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் என்ற கணக்கு போதும். ஷவர் தண்ணீர் பழைய சுவரில் நேராகப் படவே கூடாது. இரண்டு அங்குல இடைவெளி விட்டு உள்ளே தனிச்சுவர் எழுப்பி, டைல்ஸை அதில் ஒட்டலாம். நாளைக்கு வேண்டாமென்றால் பழைய சுவருக்குச் சேதமில்லாமல் பிரித்தும் எடுக்கலாம். உறிஞ்சுகுழி கிணற்றிலிருந்து ஐம்பது அடியாவது தள்ளியிருக்கட்டும். பின்கட்டுக் கிணற்றுத் தண்ணீரைத்தான் விருந்தினரும் புழங்கப்போகிறார்கள்.

ஏசியிலிருந்து ஈரமான மாதங்களில் ஓர் இரவுக்கு ஒரு வாளித் தண்ணீர் வடிகிறது. அந்தக் குழாயைச் சுவரோடு விட்டுவிட்டுப் போகிறார்கள். இரண்டே ஆண்டில் அந்த இடம் பொரிந்துவிடும். குழாயை முற்றத்து வடிகாலான தூம்புவரை கொண்டுபோய் விடுங்கள். செம்புக் குழாய்க்காகத் தேக்கு நிலையில் ஓட்டை போடுவதும் வேண்டாம். சுவரின் மேல்பக்கத்துக் காற்றுத் துவாரம் வழியாகவே கொண்டுபோகலாம்.

தரையில் பதித்திருக்கும் வண்ண ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி வீட்டுக்காரர்களோடு விருந்தினரும் தெரிந்துகொள்வது நல்லது. அது சுட்ட ஓடு இல்லை. கண்ணாடித் தட்டின்மேல் அச்சு வைத்து வண்ணச் சாந்தை ஊற்றி, மேலே உலர்ந்த சிமென்ட்–மணல் கலவையைத் தூவி, பின்புறச் சாந்தை அமுக்கி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது. கண்ணாடியின் வழவழப்புத்தான் அதன் முகம். ஆசிட் கலந்த கழிப்பறைத் திரவம் பட்டாலோ, சிந்திய எலுமிச்சைச் சாறு ஒரு மணி நேரம் நின்றாலோ வண்ணம் மங்கிவிடும். பிறகு எதைத் தேய்த்தாலும் வராது. வெறும் தண்ணீரில் துடைத்து, வாரத்துக்கு ஒருமுறை வாளித் தண்ணீரில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்தால் கால்படக் கால்படப் பளபளப்பு ஏறும். சக்கரப் பெட்டியை இழுக்காமல் தூக்கிச் செல்லுங்கள்.

கூரை வேலைகளைப் புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டும். இரண்டு சரிவு சேரும் கூடுவாயில் வேப்பிலை அடைத்தால் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் திரும்பித் தேக்குச் சட்டத்தை உளுத்துப்போக வைக்கும். குரங்கு நகர்த்திய ஓடுகளையும் அப்போதே சரிசெய்துவிடலாம்.

பலகாரத்துக்கு வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டு அடுப்படியே இருக்கட்டும். வளவோரம் அடுப்பு வைத்தால் எண்ணெய்ப் புகை இழைத்த சுவரில் ஏறிவிடும், கழுவினாலும் போகாது. விருந்தினர் ஆசையாகக் கேட்கும் வெள்ளைப் பணியாரம் கூட்டத்துக்குச் சுடும் பண்டமும் இல்லை. ஓர் ஆழாக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் கோபுரமாக உளுந்தை வைத்து, இரண்டு மணி நேரம் ஊறவைத்து நைசாக ஆட்டி, புளிக்குமுன் ஊற்ற வேண்டும். மாவு கெட்டியானால் கல்லாகிவிடும். ஒன்று வெந்து எடுத்த பிறகே அடுத்தது. எத்தனை பேர் என்று முந்தின இரவே சொல்லிவிடுங்கள். அறை சிறியதாக இருக்கும், நிலை தாழ்வாக இருக்கும், வளவில் பேசுவது எல்லா அறைக்கும் கேட்கும், பங்காளிகள் வீட்டு விசேஷத்துக்காகச் சில நாள் அறை கிடைக்காது. இவற்றை வீட்டுக்காரர்கள் முன்பதிவின்போதே சொல்லிவிட்டால் வந்த இடத்தில் மனக்கசப்பு இராது.

அரசிடம் ஒரு வேண்டுகோள். மத்திய சுற்றுலாத் துறையின் வீட்டுத் தங்கல் திட்டம் ஆறு அறை, பன்னிரண்டு படுக்கை வரை அனுமதிக்கிறது. உரிமையாளர் அங்கேயே குடியிருக்க வேண்டும் என்கிறது. இரண்டும் நல்ல விதிகள். ஆனால் அறையின் பரப்பையும் குளியலறையின் அளவையும் அளந்து பார்க்கும்போது, வளவு அறைகளின் நடுச்சுவரை இடிக்கும் ஆசை வருகிறது. யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் 2014 முதல் செட்டிநாடு இருக்கிறது. பழைய வீடுகளுக்கு மட்டுமாவது பரப்பு விதியைத் தளர்த்தி, சுவர்ப் பூச்சு, கழிவுநீர் வழி, கூரை மூன்றையும் பார்வையிடும் பட்டியலில் சேர்க்க வேண்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒருவரையும் குழுவில் வைத்து, பார்வையிடலை மார்கழியில் நடத்தினால் நல்லது. பங்குனியில் போனால் எல்லாச் சுவரும் காய்ந்துதான் தெரியும்.

இப்படிக்கு,
பழைய வீடுகளின் சீரமைப்புப் பணியில் உள்ளவர்கள்,
காரைக்குடி.