காபூலில் சாப்பிடக் கூப்பிட்டால்

அன்புள்ள செல்வம்,

பேத்தி பிறந்த சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். காபூல் பயணமும் உறுதி என்கிறாய். 2021 ஆகஸ்டில் தாலிபான் ஆப்கானிஸ்தானில் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து பல அரசுகள் போகவேண்டாம் என்றுதான் சொல்கின்றன. போனால், யாராவது ஒருவர் உன்னைச் சாப்பிடக் கூப்பிடுவது நிச்சயம்.

கூப்பிட்டதும் தலையாட்டிவிடாதே. வழியில் பார்த்தவர் "வீட்டுக்கு வாருங்கள்" என்பது பல நேரம் வெறும் மரியாதை. இரண்டு முறை மறுத்துப் பார். நாளும் நேரமும் சொல்லி மறுபடி அழைத்தால் ஒத்துக்கொள். மதியச் சாப்பாடு என்றால் நல்லது, இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். எந்தப் பகுதி, யார் வீடு, எப்போது திரும்புவாய் என்று தங்குமிடத்தில் சொல்லிவிட்டுப் போ.

வாசலில் செருப்பைக் கழற்று. வாசலுக்கு எதிர்ப்பக்கம், அறையின் உள்கோடியில் இருப்பது விருந்தாளியின் இடம். அங்கேதான் உட்கார வைப்பார்கள். சாப்பாடு வைக்கத் தரையில் விரித்த தஸ்தர்கான் துணியை மிதிக்காதே, அதன் பக்கம் காலை நீட்டாதே. வீட்டுப் பையன் செம்பும் தட்டமும் கொண்டுவந்து உன் கையில் தண்ணீர் ஊற்றுவான்.

காபூலி புலாவ் பெரிய தாம்பாளத்தில் வரும். மேலே காரட்டும் உலர்திராட்சையும், சோற்றுக்குள் புதைத்த ஆட்டுக்கறியும். கையால் சாப்பிடுவது நமக்குப் பழக்கம்தான். ஒரே தாம்பாளத்தில் பலர் கைவைப்பதில்தான் நம் எச்சில் கணக்கு இடறும். முகம் சுளிக்காதே. வலது கையால் உன் முன்னால் இருக்கும் பகுதியிலிருந்து மட்டும் எடு. நல்ல கறித்துண்டுகளை வீட்டுக்காரர் உன் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பார். ஆகவே தொடக்கத்திலேயே மெதுவாகச் சாப்பிடு. உன் பக்கம் காலியானால் மீண்டும் குவிப்பார்கள்.

வயிற்றைக் கெடுப்பது பெரும்பாலும் புலாவ் அல்ல. குழாய்த் தண்ணீரில் அலசிய பச்சைக் காய்களும், அதே தண்ணீர் கலந்த தூக் என்ற மோரும்தான். சூடான நான் ரொட்டியும் கொதிக்கும் தேநீரும் பயமில்லாதவை. கோப்பை காலியானால் மறுபடி நிரப்புவார்கள். போதுமென்றால் கவிழ்த்து வை.

வீட்டுப் பெண்களைப் பற்றிக் கேட்காதே, "வீட்டில் எல்லோரும் நலமா?" போதும். சமைத்தவருக்கான நன்றியை வீட்டுக்காரரிடமே சொல். இனிப்புப் பெட்டியோ உலர்பழமோ கொண்டுபோனால் உள்ளே போகும்போதே ஓரமாக வைத்துவிடு. பணம் நீட்டினால் அவமானமாக எடுத்துக்கொள்வார்கள்.

எல்லோரும் உன் பாதுகாப்பைத்தான் பேசுவார்கள். எனக்கு அந்த வீட்டாரைப் பற்றித்தான் கவலை அதிகம். நீ ஊர் திரும்பிவிடுவாய், விசாரணை வந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். 2024இல் வந்த ஒழுக்கச் சட்டம் உயிருள்ளவற்றின் படங்களை வெளியிடுவதையே தடுக்கிறது. அவர்களாகக் கேட்டு எடுத்த படமானாலும் முகம், தெரு, வாசற்கதவு தெரியும்படி எங்கும் போடாதே. சாப்பிடும்போது ஆட்சியைப் பற்றிக் கேள்வி கேட்காதே, அவர்களே தொடங்கினால் காது கொடுத்துக் கேள்.

புறப்படும் தேதியை எழுது. ஓஆர்எஸ் பொட்டலங்களை இங்கிருந்தே வாங்கிப் பையில் போட்டுக்கொள்.

அன்புடன்,
முருகேசன்