59-ம் நம்பர் சட்டை

அன்புள்ள ஜெயா,

எட்டு மாசமா பதில் போடலைன்னு நீ திட்டுறது அமெரிக்காவுல இந்த சார்லட் வரைக்கும் கேக்குது. இங்கே எல்லாரும் சுகம். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு அண்ணன் சொன்னாரு. மத்த குசலமெல்லாம் போன்ல.

எழுத வச்சது பெரியவன்தான். போன வெள்ளிக்கிழமை ஸ்கூல் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்துல தலையில அடி. பதறாதே, இப்போ பரவாயில்லை. விழுந்தவன் தானாவே எழுந்தான். எழுந்து நேரா எதிர் டீம் பெஞ்சுக்கு நடந்து போனான்டி! எனக்கு அங்கேயே உயிர் போச்சு. கன்கஷன்னு, அதாவது அடியில மூளை குலுங்கிப் போச்சுன்னு, டாக்டர் சொல்லிட்டாரு. ரூம்ல திரைச்சீலையை இழுத்து விட்டுட்டு, எங்க ஊர் ஃபுட்பால் டீம் பான்த்தர்ஸோட 59-ம் நம்பர் சட்டையைப் போட்டுக்கிட்டுப் படுத்திருக்கான்.

அது லூக் கீக்லியோட நம்பர். உனக்கு யாருன்னு தெரியாது. எனக்கும் இந்த ஊருக்கு வந்த புதுசுல தெரியாது. நம்ம கபடியில ஏறி வர்றவனை மடக்குற ஆள் மாதிரிதான் இவரோட லைன்பேக்கர் வேலைன்னு வச்சுக்கோ. ஆனா மடக்குறது பாதி வேலைதான். பந்து நகர்றதுக்கு முன்னாடியே எதிராளி என்ன செய்யப் போறான்னு படிச்சு, கூட நிக்கிறவங்களுக்குக் கத்திச் சொல்லணும். இந்த மனுஷன் அதுல மன்னன். பழைய ஆட்டங்களைப் போட்டுப் போட்டுப் பார்ப்பாராம், நம்ம மல்லிகா டீச்சர் கேள்வித்தாளைப் படிச்சோமே, அப்படி. 2015 தேங்க்ஸ்கிவிங் பண்டிகை அன்னைக்கு டல்லஸ் டீமோட டோனி ரோமோ அடுத்தடுத்து வீசின ரெண்டு பந்தையும் இவரே பறிச்சாரு. எங்க வீட்டுக்காரர் சோபாவுல ஏறிக் குதிச்சு... அந்தக் கதை உனக்குத் தெரியும்.

2012-ல வந்தாரு, அடுத்த வருஷமே லீகோட சிறந்த தடுப்பாட்டக்காரர். எட்டு சீசன்ல ஏழு தடவை ப்ரோ பவுல்ங்கிற நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானாரு. ஆனா என் மனசுல நிக்கிறது 2016 நவம்பர், செயின்ட்ஸ் டீமோட இங்கே நடந்த வியாழக்கிழமை ஆட்டம். நான் இட்லி மாவு கரைச்சுக்கிட்டிருந்தேன். டிவியில பார்த்தா, மலை மாதிரி ஆளு மைதானத்துல உட்கார்ந்து மூச்சு வாங்க வாங்க அழறாரு. கை கால் எதுவும் உடையலை. தலையில அடி, தன்னாலே அழுகை வருது. வண்டியில ஏத்திக் கூட்டிட்டுப் போறாங்க, அப்பவும் நிக்கலை. பெரியவனுக்கு அப்போ ஆறு வயசு. "அவங்க அம்மா எங்கேம்மா?"ன்னு கேட்டான். மாவுக் கையோட நின்னேன்.

2015, 2016, 2017னு மூணு வருஷமும் கன்கஷன். அப்புறம் ரெண்டு முழு சீசன் ஒரு ஆட்டம் விடாம ஆடினாரு. 2020 ஜனவரியில, 28 வயசுல, போதும்னு நிறுத்திட்டாரு. சின்ன வயசுலேருந்து வேகமா, பலமா ஆடித்தான் பழக்கம், இனி அப்படி முடியுமான்னு தெரியலைன்னு கண்கலங்கச் சொன்னாரு. யாரும் போகச் சொல்லலை. உச்சத்துல இருக்கும்போதே இறங்க எவ்வளவு தெம்பு வேணும், சொல்லு! நான் இன்னும் அந்தப் பழைய கைனெடிக் ஸ்கூட்டரை விக்கவே மனசில்லாம ஊர்ல வச்சிருக்கேன்.

இதையே பெரியவன்கிட்ட சொன்னேன். திரும்பிக்கூடப் பார்க்காம, "அவரு எட்டு வருஷம் ஆடிட்டுத்தானேம்மா நிறுத்தினாரு, நான் எட்டு ஆட்டம்கூட ஆடலையே"ங்கிறான். வாய் அப்படியே அவங்க அப்பாவோடது.

2008-ல இந்த நார்த் கரோலினா மாநிலத்துல ரெண்டு ஸ்கூல் பசங்க ஆட்டத்துல தலையில அடிபட்டு இறந்துட்டாங்க. 2011-ல அந்தப் பசங்க பேர்லயே சட்டம் போட்டாங்க. டாக்டர் மாதிரி மருத்துவத் தகுதி உள்ளவங்க எழுதிக் கொடுக்காம அடிபட்ட பிள்ளை திரும்ப இறங்க முடியாது. எங்க டாக்டர் இன்னும் ரெண்டு வாரத்துல எழுதிக் கொடுத்துடுவாரு போல. அப்புறம் அந்தத் தாள்ல பெத்தவங்க கையெழுத்து. தாள் ஃபிரிட்ஜ் மேல காந்தத்துல தொங்குது. இவர் "நீயே முடிவு பண்ணு"ன்னு தப்பிச்சுட்டாரு. பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அது என்னையே பார்க்குது.

உன் தம்பி முழங்கால் போய்க் கட்டிலோட கிடந்தானே, அப்புறமும் உங்க அம்மா அவனைக் கபடிக்கு விட்டாங்கல்ல? எப்படி விட்டாங்கன்னு அத்தைகிட்ட கேட்டு எழுதுடி. போன்ல வேண்டாம், இவன் காது பாம்புக் காது.

உன்,
வசந்தி